1.18034: இந்த எண் யார் வீட்டுப் பிள்ளை?

பிளஸ் ஒன்னில் அறிவியல் பிரிவு எடுத்தவர்களுக்குத் தனி ஊசல் சோதனை மறந்திருக்காது. நூலின் ஒரு முனையில் குண்டு, மறுமுனை பிளந்த கார்க்கில், கையில் ஸ்டாப் கிளாக். இருபது அலைவுக்கு நேரம் பார்த்து இருபதால் வகுக்க வேண்டும். கணக்குப் போட்டு முடிக்கும்போது புவியீர்ப்பு முடுக்கம் 9.8-க்குப் பக்கத்தில் வந்துவிட்டால் ரெக்கார்டில் கையெழுத்து. வராதபோது 9.8-ஐ வரவழைக்கும் கலை ஒன்று உண்டு. அதற்குத் தனிப் பதிவே எழுதலாம், வேண்டாம்.

அந்தச் செய்முறையில் ஒரு வரி வரும்: வீச்சு சிறிதாக இருக்க வேண்டும். கல்லூரி ஆய்வகத்தில் ஒவ்வொரு பேட்ச்சுக்கும் அந்த வரியைச் சொல்வது என் வேலை. ஏன் என்று கேட்பவர்கள் அபூர்வம். இந்தப் பருவத்தில் ஒரு மாணவி கேட்டாள்.

"நிறைய இழுத்து விட்டா என்ன சார் ஆகும்?"

"அலைவு நேரம் கூடும்மா."

"எவ்ளோ கூடும்?"

நியாயமான கேள்வி. ஐந்து டிகிரிக்கு இழுத்துவிட்டால் பத்தாயிரத்தில் ஐந்து பங்குகூடக் கூடாது. நம் ஸ்டாப் கிளாக்குக்கு அது தெரியவே தெரியாது. அவளுக்கு வேண்டியிருந்தது 90 டிகிரி. நூலைக் கிடைமட்டமாக நீட்டிப் பிடித்து விட்டுவிடுவது. நூலில் கட்டிய ஊசலுக்கு அதுதான் எல்லை. அதற்கு மேலே தூக்கினால் நூல் தொய்ந்துபோகும், நூலுக்குப் பதில் கம்பி வேண்டும்.

ஆய்வகத்தில் இதைச் செய்தால் சரிவராது. காற்று ஒவ்வொரு வீச்சிலும் கொஞ்சம் தின்றுவிடும், இரண்டாவது அலைவிலேயே 90 என்பது 90 ஆக இருக்காது. அதனால் அவள் பைத்தானில் ஊசலின் சமன்பாட்டைச் சின்னச் சின்ன நேரத் துண்டுகளாக ஓட்டிப் பார்த்தாள். ஒரு மீட்டர் ஊசலுக்குச் சிறு வீச்சில் 2.007 நொடி, 90 டிகிரியில் 2.369 நொடி. ஒன்றை இன்னொன்றால் வகுத்தால் 1.18034. நீளத்தை மாற்றினாலும் அதே விகிதம். புவியீர்ப்பை எடுத்துவிட்டு நிலவின் ஈர்ப்பைப் போட்டாலும் அதே விகிதம். குண்டின் எடை எங்கேயும் வரவே இல்லை.

"சார், இந்த நம்பருக்குப் பேர் இருக்கா?"

நீளமும் எடையும் ஈர்ப்பும் கழன்று விழுந்த பிறகு மிஞ்சும் எண் வெறும் கணிதத்துக்குச் சொந்தமானது. அதற்கு ஒரு விலாசம் இருந்தே ஆக வேண்டும் என்று தோன்றுவது இயல்பு. நான் விடையைச் சொல்லவில்லை, தேடிப் பார் என்றேன்.

இரண்டு நாளில் ஒரு விடையோடு வந்தாள். √5-ஐ ஐந்தால் பெருக்கி, பத்தைக் கழித்தால் 1.18034. கால்குலேட்டரில் போட்டுப் பாருங்கள், வரும். √5 என்றாலே பொன் விகிதம் கூடவே வந்துவிடும். 1.618-ஐ மும்மடியாக்கி, அதைக்கொண்டு ஐந்தை வகுத்தாலும் இதே மதிப்புதான். சூரியகாந்திப் பூவில் தொடங்கிக் கோயில் கோபுரம் வரை எங்கே பார்த்தாலும் பொன் விகிதம் என்று வாட்ஸப்பில் சுற்றிக்கொண்டிருக்கும் காலத்தில் ஊசலிலும் அது இருந்தால் யாருக்குத்தான் சந்தோஷமாக இருக்காது?

அடுத்த இலக்கத்தைக் கேட்டேன். நேரத் துண்டை இன்னும் சிறிதாக்கி ஓட்டினாள். ஊசல் சொன்னது 1.1803406. √5 சொன்னது 1.1803399. ஐந்து தசம இடம் வரை இரண்டும் தோளில் கைபோட்டுக்கொண்டு நடந்தன. ஆறாவது இடத்தைப் பார்க்கும்போதுதான் ஒன்றுக்கொன்று சொந்தமே இல்லை என்று தெரிகிறது.

இந்த இடத்தில் நின்று ஒரு கணக்குப் போட வேண்டும், ஏனென்றால் எண்ணை அடையாளம் காணும் வேலையின் உயிர்நாடியே இங்கேதான் இருக்கிறது. 1-க்கும் 2-க்கும் நடுவில் ஐந்து தசம இடத்தோடு எழுதக்கூடிய எண்கள் ஒரு லட்சம். நம்மிடம் உள்ள சூத்திரங்கள் எத்தனை? பத்து வகை வர்க்கமூலம் எடுத்துக்கொள்வோம். ஒவ்வொன்றையும் 20 வரைக்கும் பெருக்கலாம், அதைக் கூட்டலாம் அல்லது கழிக்கலாம், ஒரு முழு எண்ணைச் சேர்க்கலாம், மொத்தத்தையும் 20 வரைக்கும் ஏதாவது ஓர் எண்ணால் வகுக்கலாம். இவ்வளவுதான். இதிலேயே 1-க்கும் 2-க்கும் நடுவில் விழும் சூத்திரங்கள், திரும்பத் திரும்ப வருவதையும் சேர்த்து, 84,000. பை, மடக்கை, கனமூலம் எதையும் இன்னும் தொடவில்லை. ஒரு லட்சம் நாற்காலி போட்ட பந்தலுக்கு 84,000 பேர் வந்துவிட்டார்கள் என்றால், நீங்கள் காட்டும் நாற்காலியில் யாரோ ஒருவர் உட்கார்ந்திருப்பதில் என்ன ஆச்சரியம்?

சூத்திரத்தில் நாம் விருப்பம்போலத் திருகிக்கொள்ளும் எண்கள் எத்தனையோ, அதைவிட நிறைய இலக்கம் ஒத்துப்போக வேண்டும். அதற்குக் குறைவாக இருந்தால் அது ஜோசியம்.

சரி, நிறைய இலக்கத்துக்கு எங்கே போவது? நேரத் துண்டைச் சிறிதாக்கிக்கொண்டே போனால் கம்ப்யூட்டர் மூச்சு வாங்கும். இதற்கு அற்புதமான குறுக்குவழி ஒன்று இருக்கிறது. காகிதமும் சாதாரண கால்குலேட்டரும் போதும்.

இரண்டு எண்கள் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று 1, மற்றொன்று வீச்சுக் கோணத்தில் பாதியின் கோசைன். 90-இல் பாதி 45, அதன் கோசைன் 0.7071067812. இந்த இரண்டுக்கும் கூட்டுச் சராசரி 0.8535533906, பெருக்குச் சராசரி (இரண்டையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தது) 0.8408964153. இப்போது கிடைத்த இரண்டுக்கும் மறுபடி இரண்டு சராசரியும் எடுங்கள்: 0.8472249029, 0.8472012667. இன்னொரு தடவை: 0.8472130848, 0.8472130848. பத்து இலக்கத்துக்கு இரண்டும் ஒன்றாகிவிட்டன. மூன்றே படி. ஒவ்வொரு படியிலும் ஒத்துப்போகும் இலக்கங்கள் ஏறத்தாழ இரட்டிக்கும். இன்னும் ஒரு படி போனால் இருபது இலக்கம். 1-ஐ இந்த மதிப்பால் வகுத்தால் 1.1803405990. ஊசலின் விகிதம்.

அவள் இதைப் போட்டுப் பார்த்துவிட்டு, "இது எப்படி சார் வொர்க் ஆகுது?" என்று கேட்டாள். அதற்கு விடை சொன்னவர் ஜெர்மன் கணித மேதை கவுஸ். விடை தெரியும் முன்பே இது நடக்கிறது என்று கண்டுபிடித்தவரும் அவர்தான். அந்தக் கதைதான் எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி.

இரண்டு சராசரிகளை மாற்றி மாற்றி எடுக்கும் இந்த விளையாட்டைத் தன் பதினான்காவது வயதில், 1791-இல், தொடங்கியதாகக் கவுஸ் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். அதற்கு எந்தப் பயனும் அப்போது தெரியாது. 1-ஐயும் √2-ஐயும் வைத்துக்கொண்டு போனால் 1.19814023473 என்று வரும். தன் பாட்டுக்குக் கணக்கிட்டு வைத்திருந்தார்.

இன்னொரு பக்கம் லெம்னிஸ்கேட் என்ற வளைவு. படுக்கப் போட்ட எட்டு மாதிரி இருக்கும். 1694-இல் யாக்கோப் பெர்னூலி எழுதி வைத்தது. வட்டத்தின் சுற்றளவுக்குப் பை இருப்பதுபோல இதன் நீளத்துக்கும் ஒரு மாறிலி வேண்டும். மையத்திலிருந்து வளைவின் கடைசி முனைக்கு உள்ள தூரத்தை 1 என்று வைத்தால் மொத்த நீளம் 5.2441151. அதில் பாதி, 2.6220575, லெம்னிஸ்கேட்டின் பை. அதில் மறுபடி பாதியான 1.31102877714605987 என்பதை ஸ்டிர்லிங் 1730-லேயே கணக்கிட்டு அச்சிட்டிருந்தார். கால்குலேட்டர் இல்லாத காலத்தில் அத்தனை இலக்கம். கடைசி ஒன்றிரண்டு இலக்கத்தில்தான் இன்றைய மதிப்போடு உரசல்.

1799 மே 30. கவுஸுக்கு 22 வயது. ஒரு குட்டி நாட்குறிப்பு வைத்திருந்தார். கண்டுபிடித்ததை லத்தீனில் ஒன்றிரண்டு வரியில் எழுதிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார். மொத்தமே 146 குறிப்புகள். அன்றைய குறிப்பின் சாரம் இது: 1-க்கும் √2-க்குமான அந்தச் சராசரி, பையை லெம்னிஸ்கேட்டின் பையால் வகுத்தால் வருவதோடு பதினோரு இலக்கம் வரை ஒத்துப்போகிறது, இதை நிரூபித்துவிட்டால் பகுப்பாய்வில் முற்றிலும் புதிய களம் ஒன்று நிச்சயம் திறக்கும்.

அந்த "நிச்சயம்" என்ற சொல்லைக் கவனியுங்கள். நிரூபணம் கையில் இல்லை. இருந்தது பதினோரு இலக்கம் மட்டும். √5-ஐ நம்பி நாம் கிட்டத்தட்ட ஏமாந்தோமே, கவுஸ் மட்டும் எந்தத் தைரியத்தில் எழுதினார்? நாற்காலிக் கணக்கையே இதற்கும் போடலாம். பதினோரு இலக்கத்துக்குப் பத்தாயிரம் கோடி நாற்காலிகள். அவருடைய சூத்திரத்தில் திருகிக்கொள்ள எண்ணே இல்லை. ஒரு பக்கம் 1, √2. மறுபக்கம் பை, லெம்னிஸ்கேட்டின் பை. ஐந்தால் பெருக்கு, பத்தைக் கழி என்ற சமாளிப்பு கிடையாது. இவ்வளவு பெரிய பந்தலில் ஒரே ஒரு விருந்தாளி வந்து சரியாகக் குறிப்பிட்ட நாற்காலியில் உட்கார்ந்தால், அழைத்தவர் யாரோ உள்ளே இருக்கிறார் என்றுதான் அர்த்தம். அந்த ஆண்டு முடிவதற்குள் நிரூபணமும் அவர் கைக்கு வந்துவிட்டது. ஆனால் அச்சில் அது வெளிவந்தது 1818-இல். கவுஸ் எதையும் அவசரப்பட்டு வெளியிடுகிற ஆள் இல்லை. அந்த நாட்குறிப்பே அவர் இறந்து நாற்பத்து மூன்று ஆண்டு கழித்து, 1898-இல்தான் குடும்பத்தாரிடமிருந்து வெளியே வந்தது.

1799-இல் தட்டுப்பட்ட அந்த விகிதத்தின் தலைகீழான 0.8346268-க்கு இன்று கவுஸ் மாறிலி என்று பெயர். அதை √2-ஆல் பெருக்கிப் பாருங்கள்.

1.18034.

ஆக ஊசலின் எண் கவுஸ் வீட்டுப் பிள்ளை. எட்டு வடிவ வளைவுக்கும் நூலில் தொங்கும் குண்டுக்கும் என்ன உறவு என்று கேட்டால், அதையும் இரண்டே வரியில் காட்டிவிடலாம், பெரிய மந்திரம் ஒன்றும் இல்லை. கிடைமட்டத்திலிருந்து விழும் குண்டின் வேகம், ஆற்றல் அழியாமை விதிப்படி, கோணத்துடைய கோசைனின் வர்க்கமூலத்துக்கு நேர் விகிதத்தில் இருக்கும். நேரம் வேண்டுமானால் அந்த வர்க்கமூலத்தால் 1-ஐ வகுத்து, 0 முதல் 90 டிகிரி வரை தொகையிட வேண்டும். கோசைன் இருக்கும் இடத்தில் ஒரு புதிய மாறியின் வர்க்கத்தைப் போட்டு எழுதிப் பாருங்கள். அடியில் "1 கழித்தல் மாறியின் நான்காம் அடுக்கு" என்பதன் வர்க்கமூலம் வந்து நிற்கும். லெம்னிஸ்கேட்டின் வில் நீளத்துக்கு வரும் தொகையீடு அச்சு அசலாக அதுவே. பி.எஸ்ஸி. இரண்டாம் ஆண்டுக் கணக்குதான். அவள் கரும்பலகையில் அரை நிமிஷத்தில் போட்டுவிட்டாள். ஊசலின் அலைவு நேரச் சூத்திரத்தில் சிறு வீச்சுக்கு 2 பை, அதாவது 6.2832, நிற்கும் இடத்தில் 90 டிகிரிக்கு 7.4163 வந்து நிற்கும்.

இந்தக் குடும்பத்தில் நான் அடிக்கடி மாணவர்களுக்குக் காட்டுவது ஆய்லரின் ஒரு பெருக்கல். 1.3110287771 என்ற ஸ்டிர்லிங் எண்ணுக்கு ஒரு தம்பி உண்டு, அதே தொகையீட்டின் மேலே மாறியின் வர்க்கத்தைச் சேர்த்தால் வருவது: 0.5990701174. இரண்டையும் பெருக்குங்கள். 0.7853981634 வரும். நான்கால் பெருக்குங்கள். பை! இரண்டும் தனித்தனியே வட்டத்தோடு எந்தத் தொடர்பும் காட்டிக்கொள்ளாத எண்கள். பெருக்கினால் சரியாகக் கால் பை.

தனித்தனியே தொடர்பு இல்லை என்று சும்மா சொல்லவில்லை, அது நிரூபிக்கப்பட்டது. லெம்னிஸ்கேட்டின் மாறிலி, முழு எண் கெழுக்கள் கொண்ட எந்தப் பல்லுறுப்புக்கோவைச் சமன்பாட்டுக்கும் தீர்வாக வராது என்று ஷ்னைடர் 1937-இல் நிரூபித்தார். 1976-இல் கிரிகோரி சுட்னோவ்ஸ்கி இன்னும் ஒரு படி மேலே போய், பையையும் இதையும் சேர்த்துவைத்து எழுதினாலும் அப்படி ஒரு சமன்பாடு அமையாது என்றார். ஆக √5 வகையறா சூத்திரம் எதுவும் 1.18034-க்குப் பொருந்தவே முடியாது. பையோடு, 2.71828 என்று தொடங்கும் ஈ (e) என்ற எண்ணைக் கூட்டினால் வருவது விகிதமுறா எண்ணா என்ற சின்னக் கேள்விக்கே இன்றுவரை யாரிடமும் விடை இல்லை என்பதோடு ஒப்பிட்டால், இந்த எண்ணைப் பற்றி நமக்குத் தெரிந்தது ரொம்பவே அதிகம்.

இதற்கு இன்னொரு முகமும் உண்டு, கால்குலேட்டரில் ஒரு நிமிஷ வேலை. ஈ-யின் அடுக்கில் கழித்தல் பை போடுங்கள்: 0.0432139183. அடுத்து கழித்தல் 4 பை: 0.0000034873. அதற்கடுத்து 9, 16 என்று வர்க்க எண்களாகப் போக வேண்டும், ஆனால் அவை பத்து இலக்கத்தில் கண்ணுக்கே தெரியாது. இருப்பதைக் கூட்டி, இரண்டால் பெருக்கி, ஒன்றைச் சேருங்கள்: 1.0864348. இதை வர்க்கமாக்குங்கள். 1.1803406. கிடைமட்டமாகப் பிடித்து விட்ட ஊசல்! பள்ளிக்கூடக் கொக்கியில் தொங்கும் குண்டுக்கும் ஈ, பை, வர்க்க எண்களுக்கும் இப்படி ஒரு ஒட்டு.

ஈ-யின் அடுக்கில் பை என்று பேச்சு வந்துவிட்டால் ராமானுஜனைத் தாண்டிப் போக முடியாது. 1914-இல், இங்கிலாந்து போய்ச் சேர்ந்த ஆண்டே, பையின் தோராய மதிப்புகளைப் பற்றி அவர் எழுதிய நீண்ட கட்டுரை வந்தது. அதில் சில எண்கள் வருகின்றன. ஈ-யின் அடுக்கில் பை பெருக்கல் √58 போட்டால் 24591257751.99999982. புள்ளிக்குப் பின்னால் ஆறு ஒன்பதுகள், முழு எண்ணோடு ஒட்டி நிற்கிறது, ஆனாலும் முழு எண் இல்லை. 58-க்குப் பதில் 163 போட்டால் இன்னும் மோசம்: 262537412640768743.99999999999925. புள்ளிக்குப் பின்னால் பன்னிரண்டு ஒன்பதுகள். இது அந்தக் கட்டுரையில் இல்லை. 1859-லேயே எர்மித்துக்குத் தெரிந்த எண். ஆனால் ராமானுஜன் மாறிலி என்ற பெயர் இதற்குத்தான் ஒட்டிக்கொண்டது. காரணம் ஓர் ஏப்ரல் முட்டாள் வேலை. 1975 ஏப்ரலில் சயின்டிஃபிக் அமெரிக்கன் இதழில் மார்ட்டின் கார்ட்னர், இது சரியான முழு எண் என்றும் அதை ராமானுஜன் முன்பே ஊகித்தார் என்றும் விளையாட்டாக எழுதிவைத்தார். அன்றைய சாதாரண கால்குலேட்டரில் இதை யார் மறுக்க முடியும்?

பதினோரு இலக்கத்தைக் கவுஸ் நம்பியது சரி, முப்பது இலக்கத்துக்குப் பக்கத்தில் ஒட்டி நிற்கும் இதை நம்பினால் தப்பு. அப்படியானால் நாற்காலிக் கணக்கு பொய்யா? இல்லை. இந்தப் பன்னிரண்டு ஒன்பதுகளும் தற்செயல் இல்லை என்றுதான் அந்தக் கணக்கு சொல்கிறது. சமம் என்று அது சொல்லவில்லை. உண்மையில் இதற்குப் பின்னால் உறுதியான காரணம் உண்டு. நீள்வட்டச் சார்புகளில் ஜே என்றொரு சார்பு இருக்கிறது. 163-க்கு அதன் மதிப்பு மிகச் சரியாக ஒரு முழு எண், 640320-இன் கனம், முன்னால் கழித்தல் குறியோடு. அந்தக் கனத்தோடு 744-ஐக் கூட்டினால் மேலே ஒன்பதுகள் எட்டிப்பிடிக்கப் பார்க்கும் முழு எண் வந்துவிடும். மீதி உறுப்புகள் மிக மிகச் சின்னவை, அவ்வளவுதான். 58-க்கும் இதே மாதிரிதான்: 396-ஐ நான்காம் அடுக்குக்கு உயர்த்தி 104-ஐக் கழித்தால் 24591257752.

அந்த 396 இன்னோர் இடத்திலும் தலைகாட்டுகிறது. பைக்கான ராமானுஜனின் புகழ்பெற்ற தொடரில், 9801, 1103, 26390 இவற்றோடு சேர்ந்து நிற்கும் 396 இதேதான். 1985-இல் கோஸ்பர் அந்தத் தொடரை வைத்துப் பையை 1 கோடியே 75 லட்சம் இலக்கம் கணக்கிட்டபோது, தொடருக்கு முழுமையான நிரூபணம் வெளிவந்திருக்கவில்லை. எழுபது ஆண்டுகளாக அதை யாரும் நிரூபிக்காமல் விட்டது இன்னொரு கதை. போர்வெய்ன் சகோதரர்கள் 1987-இல் நிரூபித்தார்கள்.

இப்போதைய பிள்ளைகளுக்கு இந்தத் தேடலில் பாதியைக் கம்ப்யூட்டர் செய்துகொடுத்துவிடுகிறது. 1995-இல் கனடாவின் சைமன் ஃபிரேசர் பல்கலைக்கழகத்தில் போர்வெய்ன் சகோதரர்களும் சைமன் புளூஃபும் சேர்ந்து தலைகீழ்க் கால்குலேட்டர் ஒன்றைத் தொடங்கினார்கள். சூத்திரத்தைக் கொடுத்தால் எண் தருவது சாதாரண கால்குலேட்டர். இதில் எண்ணைக் கொடுத்தால் சூத்திரம் வரும். அதைவிடக் கூர்மையான கருவி ஹெலமான் ஃபெர்கூசனும் டேவிட் பெய்லியும் 1992-இல் கொண்டுவந்த பிஎஸ்எல்கியூ. நாலைந்து எண்களை நிறைய இலக்கத்தோடு கொடுத்தால், எந்தெந்த முழு எண்ணால் பெருக்கிக் கூட்டினால் பூஜ்யம் வரும் என்று தேடித் தரும். பையின் பதினாறடிமான (ஹெக்ஸாடெசிமல்) இலக்கங்களை, முந்தைய இலக்கங்களைக் கணக்கிடாமலேயே எடுக்கும் சூத்திரத்தை 1995-இல் புளூஃப் கண்டெடுத்தது இதை வைத்துத்தான்.

பைத்தானின் எம்பிமேத் நூலகத்தில் அது இருக்கிறது. என் மாணவி அவளுடைய எண்ணை ஐம்பது இலக்கத்துக்குச் சராசரி முறையில் கணக்கிட்டு, அதன் மடக்கையோடு 2, பை, காமா சார்பின் கால் மதிப்பு ஆகியவற்றின் மடக்கைகளையும் போட்டாள். காமா என்பது ஃபாக்டோரியலைப் பின்னங்களுக்கும் நீட்டியது. அதன் கால் மதிப்பு 3.6256099. கண் மூடித் திறக்கும் முன் விடை வந்தது: 2, 2, 3, −4 என்ற குட்டி முழு எண்கள். அவிழ்த்து எழுதினால், காமாவின் கால் மதிப்பை வர்க்கமாக்கி, பையின் ஒன்றரை அடுக்கில் இரண்டு மடங்கால் வகுத்தால் ஊசலின் எண். ஐம்பது இலக்கத்துக்கு நான்கு ஓரிலக்க எண்கள். பந்தலில் கூட்டமே இல்லை.

அதோடு நிற்பாள் என்று பார்த்தால், மற்ற கோணங்களையும் ஓட்டிவிட்டு வந்தாள். 30 டிகிரிக்கு விகிதம் 1.0174088. இதற்கும் காமாவால் ஆன பெயர் உண்டு, காலுக்குப் பதில் மூன்றில் ஒன்றின் மதிப்பு வரும். 150 டிகிரிக்கு, நூலுக்குப் பதில் எடையில்லாத கம்பி என்று வைத்துக்கொண்டால், 1.7622037. இரண்டாவதை முதலாவதால் வகுத்துப் பார்க்கச் சொன்னேன். 1.7320508. √3, தோராயமாக இல்லை, மிகச் சரியாக. 30 டிகிரிக்கு விட்ட ஊசலையும் 150 டிகிரிக்கு விட்ட ஊசலையும் பக்கத்தில் பக்கத்தில் ஆடவிட்டால் காலங்களின் விகிதம் √3. பாடப் புத்தகம் எதிலும் இது என் கண்ணில் பட்டதில்லை. ராமானுஜனின் 58-உம் இந்த 3-உம் ஒரே வரிசையில் நிற்கும் எண்கள். நம் 90 டிகிரிதான் அந்த வரிசையின் 1.

60 டிகிரியும் அழகான கோணம்தானே, அதற்கு ஏன் வரவில்லை என்பது அவளுடைய அடுத்த கேள்வி. அதன் விகிதம் 1.0731820. இங்கேயும் ஜே சார்பிடம்தான் போக வேண்டும். 90 டிகிரிக்கு அதன் மதிப்பு 1728. 30 டிகிரிக்கு 54000. இரண்டும் முழு எண்கள். 60 டிகிரிக்குக் கணக்குப் போட்டால் 35152-ஐ 9-ஆல் வகுத்தது வருகிறது, மீதமில்லாமல் போகவில்லை. முழு எண் வர வேண்டிய இடத்தில் பின்னம் வந்துவிட்டதால் காமாவின் பட்டியலில் அதற்கு இடம் கிடையாது. பிஎஸ்எல்கியூவிடம் கொடுத்துப் பார்த்தாள். ஐம்பது இலக்கத்துக்குப் பெரிய பெரிய முழு எண்களாகத் துப்பியது. நூறு இலக்கமாக்கி ஓட்டினாள், முற்றிலும் வேறு எண்களைத் துப்பியது, முன்னதைவிட இரண்டு மடங்கு நீளத்தில்.